கவுண்டமணியும் செந்திலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் கல்லூரியில் படிக்கிறார்கள். கவுண்டமணி–செந்தில் வசனங்களை எல்லாம் தலைகீழாகச் சொல்வார்கள், ஆனால் ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. பொங்கலுக்கு வந்திருந்தபோது ஆளுக்கொரு கேள்வியாகக் கேட்டுத் துளைத்துவிட்டார்கள். அதே கேள்விகளை நண்பர்களும் கேட்டிருக்கிறார்கள். சொன்ன பதில்களை ஓர் இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இருவரும் எந்த ஊர்க்காரர்கள்? சினிமாவுக்கு எப்படி வந்தார்கள்?

கவுண்டமணி 1939-இல் பிறந்தவர். உடுமலைப்பேட்டைப் பக்கம் வல்லகுண்டபுரம் சொந்த ஊர், இயற்பெயர் சுப்பிரமணியம். நாடகத்தில் பல வருடம் ஊறிய பிறகு சினிமாவில் சிறு வேடங்களில் தலைகாட்டிக்கொண்டிருந்தார். 1977-இல் வந்த ‘16 வயதினிலே’தான் அவரை ஊருக்கு அடையாளம் காட்டியது. ரஜினி நடித்த பரட்டையின் கூடவே சுற்றும் கூட்டாளி. “பத்த வச்சிட்டியே பரட்டை” என்ற ஒரு வரி போதுமாக இருந்தது.

செந்தில் 1951-இல் பிறந்தவர், ராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர்ப் பக்கம். சின்ன வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பிச் சென்னை வந்து, எண்ணெய்க் கடை உட்படக் கிடைத்த வேலையைப் பார்த்து, அப்புறம் நாடகம், பிறகு சினிமா.

இருவருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செந்தில் வாய்க்கு வாய் “அண்ணே” என்று கூப்பிடுவது நடிப்புக்காகப் போட்டுக்கொண்ட உறவு மாதிரித் தெரியாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

‘கவுண்டமணி’ என்ற பெயர் எப்படி வந்தது?

இரண்டு விதமாகச் சொல்வார்கள். நாடகத்தில் கவுண்டர் வேடம் போட்டதால் வந்தது என்பது ஒன்று. எதிராளி வசனத்தை முடிப்பதற்குள் ‘கவுண்டர்’, அதாவது ஆங்கிலத்தில் சொல்கிற பதிலடி, கொடுப்பார், அதனால் ‘கவுண்டர் மணி’ ஆகி, அதுவே கவுண்டமணி ஆயிற்று என்பது இன்னொன்று. அவர் பேசுவதைக் கேட்டவர்களுக்கு இரண்டாவது கதையின் மேல்தான் ஆசை வரும். எனக்கும் அப்படித்தான்.

எந்தப் படத்திலிருந்து ஜோடியாக நிலைத்தார்கள்?

1983-இல் வந்த ‘மலையூர் மம்பட்டியான்’ படத்திலேயே இரண்டு பேரும் உண்டு. ஆனால் ஜனங்கள் “இவங்க ரெண்டு பேரும்” என்று சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தது 1984-இல், ஆர். சுந்தர்ராஜன் இயக்கிய ‘வைதேகி காத்திருந்தாள்’ வந்த பிறகு. விஜயகாந்த் படம், இளையராஜா பாட்டு, முழுக்க முழுக்கச் சோகக் கதை. அந்தச் சோகத்துக்கு நடுவே ஒரு சைக்கிள் கடை. அதன் முதலாளி ஆல் இன் ஆல் அழகுராஜா, அதாவது கவுண்டமணி.

அந்தக் காலத்துச் சைக்கிள் கடையைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பஞ்சர் ஒட்டுவார்கள், மணிக் கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விடுவார்கள், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்குத் தருவார்கள். ஊரில் இயந்திரம் தெரிந்த ஒரே ஆள் என்று சைக்கிள் கடைக்காரருக்குத் தனி மரியாதை இருந்தது. கவுண்டமணி அந்த மரியாதையை அப்படியே தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார்.

பெட்ரோமாக்ஸில் மேண்டில் என்று ஒன்று உண்டு. வலை மாதிரி நெய்த சின்னப் பை. அதைக் கட்டி முதல் தடவை கொளுத்தியதும் துணி எரிந்துபோய் வெறும் சாம்பல் கூடு மட்டும் நிற்கும். அந்தக் கூடுதான் சூட்டில் பளீரென்று வெளிச்சம் கொடுக்கும். பார்க்கக் கெட்டியாக இருக்கும், விரல் பட்டால் பொடிப்பொடி. எங்கள் தெருவில் கல்யாண வீட்டுக்கு விளக்கு தூக்கி வருபவர், சின்னப் பசங்களை இரண்டு முழத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்தி வைப்பார். மேண்டில் போனால் அன்றைக்கு வாடகைப் பணமும் போச்சு.

இது தெரிந்தால்தான் அந்தக் காட்சி முழுசாகப் பிடிபடும். அழகுராஜா மேண்டிலைக் காட்டிப் பெருமையாக விளக்குகிறார். செந்தில் நம்ப முடியாமல் பார்க்கிறார், இத்தனை சின்னதிலிருந்தா அவ்வளவு வெளிச்சம் என்று. கேட்டுக்கொண்டே தொட்டுவிடுகிறார். மேண்டில் உதிர்ந்துவிட்டது. இனி விளக்கு கேட்டு வருகிறவருக்கு என்ன பதில் சொல்வது? அந்த இக்கட்டில் பிறந்ததுதான் “பெட்ரோமாக்ஸ் லைட்டேதான் வேணுமா?” இன்றைக்குக் காபி கேட்டாலும் பைக் கேட்டாலும் அந்த ராகத்தில் திருப்பிக் கேட்கிறோம். அது கையில் சரக்கு இல்லாத வியாபாரியின் தவிப்பு என்பதுதான் மறந்துபோய்விட்டது.

வாழைப்பழக் காட்சியில் அப்படி என்ன இருக்கிறது?

கங்கை அமரன் இயக்கத்தில் 1989-இல் வந்த ‘கரகாட்டக்காரன்’. ராமராஜனும் கனகாவும் ஜோடி. கவுண்டமணியும் செந்திலும் ராமராஜனுடைய கரகாட்டக் குழுவில் வாத்தியக்காரர்கள். மதுரையில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய படம்.

கதை தெரியாதவர் யாரும் இருக்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு பழம் வாங்கி வரச் சொல்கிறார் கவுண்டமணி. செந்தில் இரண்டு வாங்கி, ஒன்றைத் தின்றுவிட்டு, ஒன்றோடு வருகிறார். ஒண்ணு இங்க இருக்கு, இன்னொண்ணு எங்கே என்ற கேள்விக்கு செந்திலின் பதில்: “அதாண்ணே இது.”

நான் இதை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். கொஞ்சம் நிதானமாக யோசித்தால் ஒன்று புரியும்: செந்தில் பொய் சொல்லவே இல்லை. அவர் கணக்கில் முதல் பழம் வயிற்றுக்குள் இருக்கிறது, அதுதான் ‘ஒண்ணு’. கையில் மிஞ்சியது ‘இன்னொண்ணு’. கவுண்டமணி கணக்கில் கையில் இருப்பது ‘ஒண்ணு’, காணாமல் போனது ‘இன்னொண்ணு’. ஒரே சொல்லை ஆளுக்கொரு பழத்துக்கு வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எத்தனை தடவை கேட்டாலும், எப்படி மாற்றிக் கேட்டாலும், அந்தக் கேள்விக்குச் செந்திலிடம் அதே சரியான பதில்தான் இருக்கிறது. அதனால்தான் கவுண்டமணிக்குக் கோபம் ஏறிக்கொண்டே போகிறது. எதிராளி திருடன் என்றால் இரண்டு அடி போட்டு விஷயத்தை முடித்துவிடலாம். எதிராளி நியாயஸ்தனாக இருந்தால் என்ன செய்வது?

இன்னொண்ணு என்ற சொல்லை இப்படித் திருப்பிப்போட்டு விளையாடிய வேறு காட்சி தமிழ் சினிமாவில் எனக்குத் தெரிந்து கிடையாது. வேறு மொழியில் சொல்லிப் பாருங்கள், பாதிதான் தேறும்.

சொப்பன சுந்தரி?

அதுவும் அதே படம்தான். குழு ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு தள்ளாத குறையாக, ஏன், தள்ளியேதான் ஊர் ஊராகப் போகிறது. அந்தக் கார் முன்பு சொப்பன சுந்தரி என்பவள் வைத்திருந்தது. சரி, இப்போது காரை நாம் வைத்திருக்கிறோம், சொப்பன சுந்தரியை யார் வைத்திருக்கிறார் என்று செந்தில் கேட்கிறார். ‘வைத்திருப்பது’ என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் இரண்டு அர்த்தத்தையும் ஒரே மூச்சில் இழுத்துவிடும் கேள்வி. கேட்கும் முகத்தில் விஷமத்தின் நிழல்கூட இருக்காது. சந்தேகம், அவ்வளவுதான். அவருடைய சாமர்த்தியமே அந்த முகத்தில்தான்.

கவுண்டமணி அடிப்பார், செந்தில் அடி வாங்குவார். ஒரே ஃபார்முலாதானே?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அடிப்பது கவுண்டமணிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு காட்சி முடியும்போது யார் நிம்மதியாக இருக்கிறார், யார் நொந்துபோய் நிற்கிறார் என்று பாருங்கள். பழம் தின்றது யார்? செந்தில். மேண்டில் போய் வாடகை போனது யாருக்கு? கவுண்டமணிக்கு. ஊர் நடுவில் மானம் போகிறது, விளக்கம் சொல்லித் தொண்டை வறள்கிறது, எல்லாம் அவருக்குத்தான். அடி வாங்கியவர் முதுகைத் தடவிக்கொண்டு அடுத்த சந்தேகத்தோடு வந்து நிற்பார்.

கவுண்டமணி எப்போதுமே எல்லாம் தெரிந்த ஆளாக வருவார். கடை முதலாளி, வாத்தியக்காரர், மேஸ்திரி, யாராக வந்தாலும் சரி, நாலு பேர் முன்னால் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று காட்டிக்கொள்ள வேண்டிய நிலைமையில் இருப்பார். அந்தப் பெருமையில் எங்கே ஓட்டை இருக்கிறதோ, சரியாக அங்கே செந்தில் விரலை வைப்பார். வேண்டுமென்று வைப்பதும் கிடையாது. தெரிந்துகொள்ளும் ஆசையில் வைப்பார். நம் வாத்தியார்களிடமும் முதலாளிகளிடமும் நாம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்விகளை அவர் கேட்டார். அடியும் நமக்காகச் சேர்த்து வாங்கினார். தியேட்டரில் தரை டிக்கெட் சிரித்த சிரிப்பில் அந்தச் சந்தோஷமும் இருந்தது என்பது என் திடமான நம்பிக்கை.

இன்னொன்றும் கவனியுங்கள். கவுண்டமணி கோபத்தில் கத்தினாலும், விரட்டினாலும், அடுத்த காட்சியில் செந்தில் அவர் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பார். “போடா” என்று சொன்ன ஆளை அவர் நிஜமாகப் போகவிட்டதில்லை. கிராமத்தில் இப்படி ஜோடிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டீக்கடையில் சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள், ஒருவர் ஒரு நாள் வரவில்லை என்றால் மற்றவர் வீடு தேடிப் போவார்.

வசனங்களை யார் எழுதினார்கள்?

அப்போதெல்லாம் பெரும்பாலான படங்களில் நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எழுதி, தனியாகவே படமாக்குவார்கள். ‘காமெடி டிராக்’ என்று பெயர். இவர்கள் விஷயத்தில் முக்கியமாகச் சொல்ல வேண்டிய பெயர் ஏ. வீரப்பன். அவரே நகைச்சுவை நடிகர். ‘வைதேகி காத்திருந்தாள்’, ‘கரகாட்டக்காரன்’ இரண்டிலும் நகைச்சுவைப் பகுதி அவருடைய கை. பெட்ரோமாக்ஸும் வாழைப்பழமும் ஊர் முழுக்கத் தெரியும், எழுதியவர் பெயர் பத்தில் ஒருவருக்காவது தெரியுமா என்பது சந்தேகம். படத்தின் தலைப்பு அட்டையில் அவர் பெயர் வரும்போது வேகமாக ஓட்டிவிடாதீர்கள்.

எழுத்து ஒரு பக்கம். அதை வாயில் போட்டு மென்று அவர்கள் துப்பிய விதம் இன்னொரு பக்கம். “அதாண்ணே இது” என்று தாளில் எழுதினால் மூன்று சொல்கூட இல்லை.

இது பழைய ஹாலிவுட் நகைச்சுவை ஜோடி லாரல்–ஹார்டியின் நகல்தானே?

ஒல்லி–குண்டு, அடிப்பவர்–வாங்குபவர் என்று வெளியில் பார்த்தால் அப்படித் தோன்றலாம். ஆனால் நம்மிடமே இதற்கு முன்கதை உண்டு. 1941-இல் ஏவி. மெய்யப்பச் செட்டியார் எடுத்த ‘சபாபதி’ படத்தில் எஜமான் டி.ஆர். ராமச்சந்திரன், வேலைக்காரன் காளி என். ரத்தினம், இரண்டு பேர் பெயருமே சபாபதி. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து வந்தது. சொன்னதைச் சொன்னபடியே செய்து எஜமானைத் தவிக்கவிடும் வேலைக்காரன் அங்கேயே பிறந்துவிட்டான். அதற்கும் முன்னால் தெருக்கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ராஜாவிடமே குறுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆனால் தமிழ் சினிமாவில் நீண்ட காலம் நகைச்சுவை ஜோடி என்றாலே ஆணும் பெண்ணும்தான். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்–டி.ஏ. மதுரம், கே.ஏ. தங்கவேலு–எம். சரோஜா, நாகேஷ்–மனோரமா. புருஷன் பொண்டாட்டிச் சண்டைக்குள் எல்லாச் சிரிப்பும் அடங்கியிருந்தது. அந்த இடத்தில் இரண்டு ஆண்கள், அதுவும் உறவில்லாத இரண்டு ஆண்கள், பல படங்களில் கதாநாயகனுக்குத் துணையாகக்கூட இல்லாமல் தங்களுக்கென்று ஒரு கடை, ஒரு வண்டி, ஒரு தெருமுனை என்று ஒரு பத்து வருடத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள். அது இவர்களோடுதான் வந்தது.

பேச்சு வழக்கில் என்ன விசேஷம்?

கொங்குத் தமிழ் என்றால் ‘ங்க’ போட்டு மரியாதையாகப் பேசுவது என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். கவுண்டமணி அந்த ‘ங்க’வைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறார். மிச்சம் இருப்பது அந்த மண்ணின் இழுப்பும், வார்த்தைக்கு நடுவில் விழும் வெட்டும். “டேய்” என்பதை மட்டும் அவர் எத்தனை விதமாகச் சொல்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். எச்சரிக்கை, சலிப்பு, அழுகை, கெஞ்சல், எல்லாவற்றுக்கும் அதே “டேய்”தான்.

செந்திலுக்கு “அண்ணே”. சந்தேகத்துக்கு ஓர் அண்ணே, பயத்துக்கு ஓர் அண்ணே, அடி வாங்கிய பிறகு ஓர் அண்ணே. கடைசி அண்ணேவில்தான் சிரிப்பு வெடிக்கும். இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு காட்சி முழுவதையும் ஓட்டிவிடுவார்கள்.

செந்திலின் நிறத்தையும் உருவத்தையும் வைத்துக் கேலி செய்தது சரியா?

சரியில்லை. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. தலை, நிறம், தொப்பை என்று ஒன்றையும் விட்டு வைக்காத வசவுகள் அந்தப் படங்களில் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் கறுப்பாக இருந்த பையன்களை அந்த வசவுகளைச் சொல்லியே கூப்பிட்டோம். என் வகுப்பில் ஒருவனுக்குப் பத்தாம் வகுப்பு முடியும்வரை அதுதான் பெயர். அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். உள்ளே என்ன இருந்தது என்று நாங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. இன்றைக்கு அந்த வரிகள் வரும்போது அவன் முகம் நினைவுக்கு வந்து என்னால் சிரிக்க முடிவதில்லை.

அதே சமயம், இவர்களின் மிகச் சிறந்த காட்சிகள் எதற்கும் அந்த வசவு தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழக் காட்சியிலிருந்து வசவை எல்லாம் எடுத்துவிடுங்கள், காட்சி அப்படியே நிற்கும். வசவு மட்டுமே இருக்கும் காட்சிகள் பல படங்களில் உண்டு. அவற்றை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

எப்போதும் கவுண்டமணிதான் மேல், செந்தில் கீழா?

மாற்றிப் போட்டும் பார்த்திருக்கிறார்கள். கே.எஸ். ரவிக்குமாரின் ‘நாட்டாமை’யில் (1994) செந்தில் அப்பா, கவுண்டமணி மகன். “டேய் தகப்பா” என்று கூப்பிடும் மகன். உறவை இப்படித் தலைகீழாக்கினால் கவுண்டமணியின் அதிகாரம் குறையும் என்று நினைப்போம். குறையவில்லை, அதில்தான் சிரிப்பே. ஷங்கரின் முதல் படமான ‘ஜென்டில்மேன்’ (1993) அப்பளக் கம்பெனிக் காட்சிகளில் இருவரும் கிட்டத்தட்டச் சமமாக மோதுவார்கள். ‘டிக்கிலோனா’ என்ற சொல்லை நமக்குக் கொடுத்த படம் அது.

சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்களா?

ஜோடி என்றால் நாம் கல்யாணம் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் உச்சத்தில் இருந்தபோதே தனித்தனியாகவும் நடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கவுண்டமணிக்கு ‘நடிகன்’ படத்தில் சத்யராஜ், ‘மன்னன்’ படத்தில் ரஜினி, ‘சூரியன்’ படத்தில் ஓமக்குச்சி நரசிம்மன். “அரசியல்ல இதெல்லாம் சாதாரணமப்பா” வந்தது அந்தச் ‘சூரியன்’ படத்தில்தான், 1992-இல். செந்தில் கவுண்டமணி இல்லாமல் ‘முத்து’, ‘அருணாசலம்’, ‘படையப்பா’ என்று வரிசையாக ரஜினி படங்களில் வந்தார்.

தொண்ணூறுகளின் நடுவிலிருந்து காற்று மாறியது. வடிவேலுவும் விவேக்கும் வளர்ந்தார்கள். கிராமத்துக் கதைகள் குறைந்து, சைக்கிள் கடையும் கரகாட்டக் குழுவும் திரையிலிருந்து போய்விட்டன. கதாநாயகனே நகைச்சுவை செய்ய ஆரம்பித்தான். தனி டிராக் எழுதும் வழக்கமும் தேய்ந்தது. இந்த ஜோடி நின்றுகொண்டிருந்த மேடையையே பிரித்து எடுத்துக்கொண்டு போன மாதிரி ஆகிவிட்டது. 1996-இல் வந்த ‘இந்தியன்’ படத்தில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். அந்தக் காட்சிகளை நான் கொஞ்சம் கனத்த மனதோடுதான் பார்ப்பேன்.

அதற்குப் பிறகு என்ன செய்தார்கள்?

கவுண்டமணி நீண்ட இடைவெளிக்குப் பிறகு ‘49-ஓ’ (2015) படத்தில் விவசாயியாக, கதையின் நாயகனாக வந்தார். பிறகு ‘எனக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது’ (2016), ‘ஒத்த ஓட்டு முத்தையா’ (2025). செந்தில் ‘தானா சேர்ந்த கூட்டம்’, ‘லால் சலாம்’ போன்ற படங்களில் குணச்சித்திரத்துக்கு நெருக்கமான வேடங்களில் வந்தார். ‘லால் சலாம்’ படத்தில் அவரைப் பார்த்தபோது, இந்த முகத்தை இத்தனை வருடமாக வெறும் அடி வாங்க மட்டும் வைத்திருந்தோமே என்று தோன்றியது.

படம் பார்க்காத பிள்ளைகளுக்கு எப்படி வசனம் தெரிகிறது?

டிவிதான் முதல் காரணம். ஆதித்யா, சிரிப்பொலி போன்ற நகைச்சுவைச் சேனல்கள் இந்தக் காட்சிகளைத் துண்டுதுண்டாக ராத்திரி பகலாக ஓட்டின. பிறகு மீம். அப்புறம் சினிமாவே தன் பழைய வசனத்தை எடுத்துத் தலைப்பாக வைத்துக்கொண்டது: ‘ஆல் இன் ஆல் அழகு ராஜா’ (2013), ‘பெட்ரோமாக்ஸ்’ (2019), ‘டிக்கிலோனா’ (2021), ‘சொப்பன சுந்தரி’ (2023). பத்து வருடத்துக்குள் நான்கு படத்துக்குத் தலைப்பு கொடுத்த வேறு ஜோடி இருந்தால் சொல்லுங்கள்.

எங்கள் தலைமுறைக்கு வந்த வழி வேறு. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மைக் செட் கடை. மாரியம்மன் கோயில் திருவிழா என்றால் காலையில் சாமிப் பாட்டு, மத்தியானம் வெயில் ஏறியதும் கதை–வசனக் கேசட். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து ‘கரகாட்டக்காரன்’ ஊர் முழுக்கக் கேட்கும். களை எடுக்கும் பெண்கள் நிமிர்ந்து நின்று சிரிப்பார்கள். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு வாழைப்பழ வசனம் மனப்பாடம்.

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குக் கவுண்டமணி மட்டும்தான் தெரியும். அந்தக் குரல்தானே கேசட் முழுக்க. செந்தில் நடுநடுவே ஓர் “அண்ணே”, அவ்வளவுதான். அப்புறம் எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்குப் படம் வந்தது, மணலில் உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்குத்தான் செந்தில் என்ற நடிகரை முதன்முதலாகப் பார்த்தேன். கேசட்டில் வெறும் இடைவெளியாக இருந்த இடங்களில் எல்லாம் அங்கே ஒரு முகம் வேலை செய்துகொண்டிருந்தது. கவுண்டமணி கத்தும்போது அவர் கண் கவுண்டமணியின் கையைப் பார்க்கும். அடி எப்போது வரும் என்ற கணக்கு. கை இறங்கியதும் முகம் தளரும், உடனே அடுத்த சந்தேகம் கண்ணில் ஏறும். அதற்குள் கொட்டகை சிரிக்க ஆரம்பித்துவிடும். அவர் இன்னும் வாயையே திறந்திருக்க மாட்டார்.

எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

‘வைதேகி காத்திருந்தாள்’, ‘கரகாட்டக்காரன்’, ‘ஜென்டில்மேன்’, ‘நாட்டாமை’. இந்த வரிசையில் பாருங்கள். துண்டுக் காட்சியாக வேண்டாம், முழுப் படமாக. ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் அந்தச் சோகம் நெஞ்சில் ஏறிய பிறகு சைக்கிள் கடை வரும்போது கிடைக்கும் ஆசுவாசம் தனித் துண்டில் கிடைக்காது.

அப்புறம் வாழைப்பழக் காட்சியை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இரண்டாவது தடவை சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, கவுண்டமணி பக்கம் பார்வை போகாமல், பழத்தைப் பிடித்திருக்கும் செந்திலின் முகத்தை மட்டும் பாருங்கள். என் அக்கா பிள்ளைகள் பொங்கலன்று அப்படித்தான் பார்த்தார்கள். சத்தமே இல்லாத டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சின்னவள் சிரித்த சிரிப்பில், அடுப்படியிலிருந்த அக்கா கரண்டியோடு ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள்.